கட்டிலுக்குப் பூட்டிய விலங்கு

முன்னொரு காலத்தில் சிரிக்கப் பயந்த ராஜா ஒருவர் இருந்தார். பூபதிராயர் என்று பெயர். வாய்விட்டுச் சிரித்தால் போதும், வயிற்றிலிருந்து புளித்த நீர் தொண்டைவரை ஏறி நெஞ்சு எரியும். சிரிக்காத ராஜாவிடம் விகடகவியாக இருப்பவன் பாடு எப்படி இருக்கும்? தாண்டவப்பன் அரை வருடமாக அரண்மனைச் சோற்றைச் சும்மா தின்றுகொண்டிருந்தான். அவனுக்கே வெட்கமாக இருந்தது.

ஒருநாள் ராஜா சபையில் கர்ஜித்தார். "என் நெஞ்சில் எவனோ தீ வைக்கிறான்! யார் அவன்?"

பிரதானி அனந்தநாதருக்குத் தாண்டவப்பனைக் கண்டாலே ஆகாது. சமையல்காரர் சோலையப்பன் அவனுடைய உயிர்ச் சிநேகிதர் என்பதும் அவருக்குத் தெரியும். "வேறு யார், பிரபு? சமைத்தவன்தான்" என்றார்.

தாண்டவப்பன் எழுந்தான். "சோலையப்பன் குற்றமற்றவர், மகாராஜா."

"அப்படியானால் தீ வைத்தவனை இவனே பிடித்துத் தரட்டுமே!" என்றார் பிரதானி.

"நன்று" என்றார் ராஜா. "மூன்றாம் நாள் அவனை விலங்கிட்டு என் முன் நிறுத்து. தவறினால் சோலையப்பன் தலை போகும். நீயும் நாட்டை விட்டுப் போக வேண்டியதுதான்."

மடைப்பள்ளியில் சோலையப்பன் அழுதார். "உப்பக்கூட ரெண்டு தடவ பாத்துத்தானேய்யா போடுறேன்!"

"அழுவாதய்யா. ராஜா சாப்புடுறது அத்தனையும் எனக்கும் ஒரு இலையில போடு. பாத்துருவோம்."

அந்த அரண்மனையில் ஒரு வழக்கம். மதியச் சாப்பாட்டுக்கு மடைப்பள்ளிச் சமையலோடு ஒவ்வொரு பெரிய மனிதர் வீட்டிலிருந்தும் ஒரு பண்டம் வரும். ராஜா எதை மிச்சம் வைத்தாலும் அந்த வீட்டார் ஒரு மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். இருபத்திரண்டு பண்டம்! பிரதானி வீட்டிலிருந்து மட்டும் இரண்டு, நெய்யில் பொரித்த மிளகாய் வடையும் புளிக்குழம்பும். ராஜா கை கழுவியதும் இரத்தினக் கச்சையை இடுப்பில் இறுக்கிக் கட்டுவார்கள். எக்காளம் ஊதுவார்கள். ஊதி முடிப்பதற்குள் ராஜா கட்டிலில் படுத்துவிட வேண்டும். உண்ட களைப்பு தொண்டருக்கும் உண்டு, ராஜாவுக்கு இருக்காதா?

முதல் நாள் தாண்டவப்பன் அத்தனையும் தின்றுவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். வயிறு கனத்தது, நெஞ்சு எரியவில்லை. மறுநாள் அதே சாப்பாடு. துண்டை இடுப்பில் இறுக்கிக்கொண்டு படுத்தான். அரை நாழிகைகூட ஆகவில்லை, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு துள்ளி எழுந்தான்.

"அட, இவன்தானா!"

மூன்றாம் நாள் எட்டுச் சேவகர்கள் ராஜாவின் கட்டிலைச் சபைக்குத் தூக்கி வந்தார்கள். நாலு காலிலும் விலங்கு. சபை கொல்லென்று சிரித்தது. ராஜாவின் முகம் சிவந்தது.

"விலங்கிடச் சொன்னீர்கள், இட்டுவிட்டேன். ஒரு சாட்சியை விசாரிக்க உத்தரவாக வேண்டும்" என்றான் தாண்டவப்பன்.

சாட்சி, தண்ணீர் சுமக்கும் ஒரு தோல் பை. அதில் கழுத்துவரை பிரதானி வீட்டுப் புளிக்குழம்பு. வாயைச் சுருக்குக் கயிற்றால் லேசாக மூடியிருந்தார்கள்.

"பிரதானியாரே பிடிக்கட்டும். நான் பிடித்தால் மாயம் என்பார்."

நிமிர்த்திப் பிடித்தார். ஒரு சொட்டு சிந்தவில்லை. பையின் இடுப்பில் கச்சையை இறுக்கினார்கள். குழம்பு வாய்வரை ஏறிவிட்டது. கட்டிலில் படுக்க வைத்தார்கள். குபுகுபுவென்று கொட்டி, பிரதானியின் பட்டு அங்கவஸ்திரம் முழுக்கக் குழம்பு!

ராஜா கோபத்தை மறந்து இறங்கி வந்து பையைத் தொட்டுப் பார்த்தார். "இறங்கிய சோறு ஏன் திரும்பி வர வேண்டும்?"

"வயிற்றின் வாயில் ஒரு கதவு உண்டு, மகாராஜா. தாழ்ப்பாள் இல்லாத கதவு. வயிறு முட்டினாலும் கச்சை இறுக்கினாலும் நெய்ப்பண்டம் மிஞ்சினாலும் அது சரியாகச் சாத்தாது. படுத்தால் கேட்கவே வேண்டாம். சோற்றைச் செரிக்க வைக்கும் புளிநீர் வயிற்றைச் சுடாது, மேலே ஏறினால் நெஞ்சைச் சுடும்."

"ஒரு பையை நம்பித் தீர்ப்பா?" என்று பிரதானி குழம்பைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"எட்டு நாள் பார்ப்போம். அதுவரை சோலையப்பன் தலை இருக்கட்டும்" என்றார் ராஜா. "இந்தக் கைதிக்கு என்ன தண்டனை?"

"தீ வைத்தவன் காலில் கட்டை போடுவது நம் நாட்டுச் சட்டம்."

தலைமாட்டுக் கால்கள் இரண்டுக்கும் அடியில் ஒரு சாண் உயரக் கட்டை வைத்தார்கள். கட்டில் தலைப்பக்கம் உயர்ந்து நின்றது. கச்சை பெட்டிக்குள் போனது. பெரிய வீட்டுப் பண்டங்கள் நின்றன. மடைப்பள்ளியில் சமைப்பது நாளுக்கு நாலு பண்டம்தான், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. உண்டு ஏழு நாழிகை கழிந்த பிறகுதான் எக்காளம். பெரிய வீடுகள் முகத்தைத் தூக்கிக்கொண்டன, நாட்டுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை.

ஒன்பதாம் நாள் ராஜா சொன்னார். "மூன்று நாளாக எரிச்சல் எட்டிப் பார்க்கவில்லை. சோலையப்பனை விட்டுவிடுங்கள். கட்டிலையும் விடுதலை செய்யலாமா?"

"விலங்கை அவிழ்க்கலாம், மகாராஜா. கட்டையை மட்டும் எடுக்க வேண்டாம். பரம்பரைக் குற்றவாளி, பாட்டனார் காலத்திலிருந்தே இதே வேலை."

ராஜாவுக்குச் சிரிப்பு பீறிட்டது. பழக்கத்தில் கை நெஞ்சுக்குப் போனது. ஒன்றும் எரியவில்லை. கையை எடுத்துவிட்டு மறுபடியும் சிரித்தார், கண்ணில் நீர் வரச் சிரித்தார். இரத்தினக் கச்சையைத் தாண்டவப்பனுக்கே கொடுத்தார்.

"உண்டபின் ஏழு நாழிகை தூங்காமலிருக்க, நான் ராஜ்ய விவகாரங்களைச் சொல்கிறேனே, பிரபு" என்று பிரதானி முந்திக்கொண்டார்.

"வேண்டாம். நீர் பேச ஆரம்பித்தால் எனக்குத் தூக்கம்தான் வரும்" என்றார் ராஜா.

அரை வருடமாகச் செலவாகாமல் கிடந்த விகடங்களை அன்று மதியமே தாண்டவப்பன் அவிழ்த்துவிட்டான். ராஜாவின் சிரிப்பு மடைப்பள்ளி வரை கேட்டது. சோலையப்பன் தம் கழுத்தை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டு, மறுநாளுக்கு நாலே நாலு பண்டத்துக்கு மட்டும் காய் எடுத்து வைத்தார்.