அலசி எடுத்த குழி

முதலில் சத்தம்தான் கேட்டது. மூடிய பாத்திரத்துக்குள் யாரோ குளிரில் பல் தந்தியடிக்க நடுங்குவதுபோல ஒரு கடகடப்பு. இசக்கியப்பன் வராந்தாவிலேயே நின்று காது கொடுத்தார். பிறகு கதவைத் தள்ளினார்.

மேஜைமேல் இட்லிக் கொப்பரை. மூடியைத் திறந்து ஆவியை முகத்தில் வாங்கிக்கொண்டு நின்றார் மெஹருன்னிசா. கொதிக்கிற தண்ணீரில், தெர்மகோல் துண்டில் செருகிய சின்னஞ்சிறு குழாய்கள் ஒன்றோடொன்று மோதி ஆடின.

"வாங்க சார். இன்னைக்கு நீங்கதான் இறக்கணும்."

அப்படித்தான் இசக்கியப்பன் சீடரானார்.

கிராமத்துக் கால்நடை மருத்துவமனைகளிலேயே காலத்தைக் கழித்தவர், மனைவி போன பிறகு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு இந்த ஆய்வுக்கூடத்துக்கு வந்திருந்தார். ஆசிரியரான மெஹருன்னிசா வயதில் இளையவர். அவர் இவரை சார் என்றார். இவர் அவரை மேடம் என்றார். ஆட்டுக் கொட்டகையில் வேலை பார்ப்பவர்களுக்கு இருவருமே டாக்டர்தான்.

ஆட்டின் செல்லில் ஒரு மரபணுவை வெட்டிவிட்டு, வெட்டு விழுந்ததா என்று பார்க்க வேண்டும். பார்க்க டிஎன்ஏ வேண்டும். டிஎன்ஏ எடுக்க வெளிநாட்டுக் கிட் உண்டு. ஒவ்வொரு செல் கூட்டத்துக்கும் ஒரு கிட் என்றால் கூடத்தையே விற்க வேண்டியதுதான். மெஹருன்னிசா செல்களைக் காஸ்டிக் சோடாக் கரைசலில் போட்டு வேகவைத்தார். வெந்ததும் காரத்தை அடக்க இன்னொரு கரைசலில் ஒரு சொட்டு. அவ்வளவுதான். சுத்தமாக வராது, ஆனால் வரும்.

பக்கத்துப் பிரிவுக்காரர்கள் எட்டிப் பார்த்து, மேடம் கடையில் இன்றைக்கு இட்லியா டிஎன்ஏவா என்று கேட்டுவிட்டுப் போவார்கள். சட்னி உங்க செலவு என்பார் அவர், திரும்பிப் பார்க்காமலே.

வெட்டிய செல்கள் ஒரு தட்டில் இருந்தன. தட்டு முழுக்கச் சின்னச் சின்னக் குழிகள். குழிக்கு ஒரு செல். அது பிழைத்துப் பெருகினால் குழியில் இருப்பதெல்லாம் ஒரே வம்சம்.

பெரும்பாலும் பிழைக்காது. சத்துக்குக் குறைவில்லை, சூட்டுக்குக் குறைவில்லை. பக்கத்தில் யாரும் இல்லை, அதுதான் குறை. அதனால் வேறொரு தட்டில் நெருக்கியடித்து வளரும் செல்களின் மேல் நின்ற திரவத்தை ஆசிரியர் வடிகட்டி எடுத்து வந்து இவற்றுக்கு ஊற்றுவார். 'குடியிருந்த தண்ணி' என்பார் அதை.

அந்தச் சொல் இசக்கியப்பனோடு குவார்ட்டர்ஸ் வரைக்கும் வந்தது. ஒரு தட்டையும் ஒரு டம்ளரையும் கழுவிக் கவிழ்க்கும்போதும் கூடவே நின்றது.

ஆசிரியர் வைத்திருந்த விதி ஒன்றே ஒன்று. குழியில் பாதியை எடு, பாதியை விடு. எடுத்த பாதி வெந்து செத்து விவரம் சொல்லும். விட்ட பாதி உயிரோடு இருந்து வளரும். வேலை முடிந்ததும் தினமும் ஒரு கேள்வி கேட்பார்.

"மிச்சம் வெச்சீங்களா சார்?"

சாப்பாட்டு டப்பாவைக் கேட்பதுபோல இருக்கும். வெச்சேன் மேடம் என்பார் இவர்.

பாதியில் கிடைப்பது கொஞ்சம் டிஎன்ஏ. அந்தக் கொஞ்சமும் கலங்கல். மின்சாரம் பாயும் ஜெல் பலகையில் ஓட்டிப் பார்த்தால் கோடுகள் மங்கித் தெரியும். வெட்டு விழாததின் கோடு மேலே நிற்கும். விழுந்ததின் கோடு கீழே இறங்கும். இரண்டும் தெரிந்தால் அரைகுறை வெட்டு. கீழே மட்டும் தெரிந்தால் முழு வெட்டு. அவர்கள் தேடியது முழு வெட்டை.

அந்தத் தட்டில் பிழைத்தவை மிகச் சில. அவற்றில் ஒரு மூலைக் குழியைத் தவிர மற்றவற்றின் கோடுகளெல்லாம் மேலேயே நின்றன. மூலைக் குழிக்குக் கீழே ஒரு கோடு இருந்தது. மேலேயும் ஏதோ இருந்தது. கோடா, நிழலா?

இசக்கியப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்த்தார். ஆசிரியரும் பார்த்தார்.

"தெரியலை," என்றார் ஆசிரியர். "வளரட்டும். அடுத்த வாரம் பார்ப்போம்."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் தெரியாது."

இசக்கியப்பன் ஜெல் படத்தை மறுபடி வெளிச்சத்தில் பிடித்தார். இந்தச் செல்கள் வக்கீலுடையவை. வக்கீல் என்பது கொடி ஆட்டு இனத்துக் கிடா ஒன்று. யார் கொட்டகைக்குள் வந்தாலும் நிறுத்தாமல் வாதாடியதால் அந்தப் பெயர். ஆட்டுக்கொல்லி நோய் மந்தையையே வாரிக்கொண்டு போன வருஷம் அதுவும் போனது. சாகுமுன் காதிலிருந்து மிளகளவு தோலை எடுத்து வளர்த்து உறைய வைத்திருந்தார் ஆசிரியர். நோயின் கிருமி செல்லுக்குள் நுழையும் வாசலை அடைக்க முடியுமா என்பதுதான் இந்த வெட்டு. உறைய வைத்ததில் இது கடைசிக் குப்பி.

"முழுசாத் தெரிஞ்சுக்காம எப்படி மேடம் சும்மா இருக்கிறது?" என்று கேட்டார்.

ஆசிரியர் ஜெல் படத்தை வாங்கி ஓரமாக வைத்தார். காலியான டிப் பெட்டியை இழுத்து முன்னால் வைத்துக்கொண்டு, உறிஞ்சு குழலின் பிளாஸ்டிக் முனைகளான டிப்களை ஒவ்வொன்றாக அடுக்க ஆரம்பித்தார். அடுக்கியதையே வாங்க வசதியில்லாத இடம். மூட்டையாக வாங்கிக் கையால்தான் அடுக்க வேண்டும். இவரும் எதிரே உட்கார்ந்து அடுக்கினார்.

அன்று சாயங்காலம் வழக்கம்போல மகள் உலகம்மைக்குப் போன் போட்டார். ஹைதராபாத்தில் வேலை. சாப்பிட்டியா, என்ன சாப்பிட்ட, கூட யார், எத்தனை மணிக்கு ரூமுக்கு வந்த, ஏன் குரல் ஒருமாதிரி இருக்கு, சளியா, சளி இல்லைன்னா வேற என்ன. மாட்டுக்காரனிடம் கேட்டுக் கேட்டுப் பழகிய வாய். மாட்டுக்காரன் சொல்லிவிடுவான். உலகம்மை 'ம்' என்றாள். இன்னொரு 'ம்' என்றாள். அப்புறம் பேசுறேன்ப்பா என்று வைத்தாள். அவளாகக் கூப்பிட்டது எப்போது என்று யோசித்தார். நினைவில் அகப்படவில்லை.

மறுநாள் காலை ஆசிரியர் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். இசக்கியப்பன் தட்டை எடுத்தார். மூலைக் குழியிலிருந்து இன்னொரு முறை, இன்னும் கொஞ்சம், தெளிவாகத் தெரிகிற அளவு மட்டும் என்று எண்ணிக்கொண்டுதான் தொடங்கினார். எடுத்தார். குழியின் ஓரத்தில் கொஞ்சம் ஒட்டியிருந்தது. பால் சொம்பில் தண்ணீர் விட்டு அலசி அதையும் காபியில் ஊற்றும் வீட்டில் வளர்ந்தவர். ஒரு சொட்டு விட்டு அலசி எடுத்தார். கை தானாக இன்னொரு முறையும் அலசியது.

வேகவைத்தார். ஓட்டினார். கோடு பளிச்சென்று விழுந்தது. கீழே மட்டும். மேலே நிழல்கூட இல்லை.

அவருக்குச் சிரிப்பு வந்தது. யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. யாரும் இல்லாததால் மைக்ராஸ்கோப்பில் தட்டை வைத்து, மூலைக் குழியிடமே சொல்லப் போவதுபோலக் குனிந்தார்.

குழி காலி.

வெளிச்சத்தைக் கூட்டினார். குறைத்தார். தட்டைத் திருப்பி வைத்தார். ஒன்றுகூட இல்லை.

ஆசிரியர் வந்ததும் ஜெல் படத்தை நீட்டினார். அதைப் பார்த்து மலர்ந்த முகம், இவர் முகத்தைப் பார்த்து அப்படியே நின்றது.

"அலசினீங்களா?"

"ரெண்டு தடவை. வீணாப் போயிரக் கூடாதுன்னு."

மெஹருன்னிசா படத்தைத் திருப்பிக் கொடுத்தார். கையுறையைக் கழற்றி மேஜையில் வைத்தார். கொட்டகைப் பக்கம் போனார். வக்கீல் கட்டிக் கிடந்த இடத்தில் இப்போது வைக்கோல் கட்டு கிடந்தது. அதன் பக்கத்தில் நெடுநேரம் நின்றதை இசக்கியப்பன் ஜன்னல் வழியே பார்த்தார். சாப்பிடவும் அவர் வரவில்லை.

மறுநாள் இசக்கியப்பன் மாற்றல் கேட்டு எழுதிவிடலாம் என்ற எண்ணத்தோடு வந்தார். ஆசிரியர் அதே தட்டை அவர் முன் வைத்தார். மூலைக் குழியைத் தொட்டுக் காட்டினார்.

"இதுக்கு நீங்கதான் தண்ணி மாத்தணும். குடியிருந்த தண்ணி. பாதியை எடுத்துட்டுப் பாதி புதுசா விடுங்க."

"அதுல ஒண்ணும் இல்லையே மேடம்."

"மாத்துங்க சார்."

மாற்றினார். முதல் தடவை கை முழுவதையும் உறிஞ்சிவிட்டது. ஆசிரியர் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த தடவை அடிவரை போய்த் தடுமாறியது. உயிர் இல்லாத ஒரு குழிக்கு வேளை தவறாமல் பாதி எடுத்து, பாதி ஊற்றி, மூடி, சூட்டுப் பெட்டிக்குள் வைத்தார். பக்கத்துப் பிரிவுக்காரர்கள் கேட்டபோது விரதம் என்றார். அவர்களும் நம்பியதுபோலப் போனார்கள்.

இதற்கிடையில் ஆசிரியர் வேறொரு ஆட்டின் காதிலிருந்து தோல் எடுத்துவிட்டார். எல்லாம் முதலிலிருந்து. வக்கீலின் பெயரை இருவருமே சொல்லவில்லை.

ஒருநாள் மூலைக் குழியில் திரவம் மங்கலாகத் தெரிந்தது. இசக்கியப்பன் ஓடிப் போய் மைக்ராஸ்கோப்பில் வைத்தார். பஞ்சுத் தூசி. தட்டைக் கொண்டுவந்து ஆசிரியர் முன் வைத்தார்.

"எதுவும் முளைக்கலை மேடம்."

"முளைக்காது சார்."

"பின்ன எதுக்கு மாத்தச் சொன்னீங்க?"

மெஹருன்னிசா டிப் பெட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அன்னைக்கு ஒரு கேள்வி கேட்டீங்க. முழுசாத் தெரிஞ்சுக்காம எப்படிச் சும்மா இருக்கிறதுன்னு." அடுத்த முனையைப் பொருத்தினார். "இப்போ பாதியில கை நிக்குதா?"

இசக்கியப்பன் தன் வலது கையைப் பார்த்தார். எதிரே உட்கார்ந்தார். தன் பக்கத்துக்கு ஒரு காலிப் பெட்டியை இழுத்துக்கொண்டார்.

போன் அடித்தது. உலகம்மை. அவளாக.

"என்ன பிள்ள?"

"ஒண்ணுமில்லப்பா." பிறகு, "ஆபீஸ்ல... மனசு சரியில்ல."

யார் என்ன சொன்னார்கள், எப்போதிருந்து, யாரிடம் சொன்னாய், ஏன் முதலிலேயே சொல்லவில்லை. எல்லாம் கிளம்பி வந்து பல்லுக்குப் பின்னால் நின்றன.

"சரிம்மா," என்றார்.

மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது. வைத்துவிடுவாள் என்று காத்திருந்தார். அவள் வைக்கவில்லை. கை சும்மா இருக்க முடியாமல் ஒரு முனையை எடுத்துப் பெட்டியின் துளையில் விட்டது. டக்.

"என்னப்பா சத்தம்?"

"டிப் அடுக்குதேன்."

"ம். அடுக்குங்க. நான் இருக்கேன்."

ஆசிரியர் எழுந்து கொப்பரையில் தண்ணீர் பிடிக்கப் போனார். இசக்கியப்பன் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, அடுத்த முனையை எடுத்தார்.