ஆவாரங்குளத்துக்குக் கிடைத்த ஒரு பகல்

கேளுங்கள் பிள்ளைகளே, பெரியவர்களும் கேளுங்கள். முன்னொரு காலத்தில், வாளைவிட யானைகளையே பெரிதாக நம்பிய மாறவேள் என்ற அரசன் ஒரு குன்று நாட்டை ஆண்டுவந்தான்.

போரில் வென்று திரும்பும் வழியில், தன் படைக்குச் சோறு போட்ட மூன்று ஊர்களுக்கு அவன் ஒரு வரம் தந்தான்.

"ஊருக்கு ஒரு பகல் என் யானைகள் உங்களுக்காக உழைக்கும். சூரியன் விழுந்தால் புறப்பட்டுவிடுவோம்."

முதல் ஊர் எல்லாவற்றுக்கும் ஆசைப்பட்டது. தேருக்கு மரம், மண்டபத்துக்குத் தூண், நாட்டாண்மை வீட்டுக்கு உத்திரம் என்று யானைகளை நாலாபக்கமும் ஓட்டியது. சூரியன் விழுந்தது. எல்லாம் பாதி வழியில் கிடந்தன.

இரண்டாம் ஊர் என்ன கேட்பது என்று கூடிப் பேசியது. பேச்சு முற்றிச் சண்டையானது. சூரியன் விழுந்தது. யானைகள் கரும்பு தின்றுவிட்டுக் கிளம்பின.

மூன்றாம் ஊர் ஆவாரங்குளம். அதன் தலைவி சிலம்பாயி. முந்தைய மழையில் ஏரிக்கரை உடைந்து, பாதி ஊர் பஞ்சம் பிழைக்கப் போயிருந்தது. உடைப்பில் எவ்வளவு மண் கொட்டியும் நிற்கவில்லை. மலையடியில் கிடந்த பெரும்பாறையைக் கொண்டுவந்து வைத்தால்தான் நிற்கும். மனிதக் கைக்கு அது அசையவில்லை.

யானை வரும் செய்தி கேட்டதும் சிலம்பாயி ஊரைக் கூட்டினாள். "நமக்கு வேண்டியது ஏரி. வேறு ஏதாவது உண்டா?"

"இல்லை" என்றது ஊர். ஆனால் விடிந்து யானைகள் வந்து நின்றதும், ஆசைகளும் வந்து நின்றன.

பூசாரி வந்தார். "தாயே, கோயில் வாசலுக்கு ஒரு படிக்கல் மட்டும். சாமி காரியம்."

"சாமிக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன், ஐயா. இன்றைக்கு ஏரிதான்."

தம்பி முத்திருளன் வந்தான். "அக்கா, போகிற வழிதானே? என் வீட்டுக்கு இரண்டு மரம் இழுத்துப் போடக் கூடாதா? கூடப்பிறந்தவனுக்கு இதுகூடவா இல்லை?"

அவள் அவன் தோளைத் தொட்டாள். "கோபித்துக்கொள், தம்பி. கோபம் தீர்ந்ததும் கரைக்கு வா. வடம் பிடிக்க ஆள் வேண்டும்."

பாகன் வந்தான். "தலைவி, வேலை தொடங்குமுன் பட்டத்து யானைமேல் ஏறி ஊரை ஒரு சுற்று வாருங்கள். உங்களுக்குச் செய்யும் மரியாதை."

யானைமேல் ஏற வேண்டும் என்பது அவளுக்குச் சிறு வயது ஆசை. தும்பிக்கையைத் தடவினாள். வெயில் ஏறுவதைப் பார்த்தாள். கையை எடுத்துக்கொண்டாள்.

"வடத்தைப் பூட்டுங்கள்" என்றாள்.

பாறை மெல்ல நகர்ந்தது. உச்சிப்பொழுதில் வடம் அறுந்தது. வேறு வடம் கட்டினார்கள். சூரியன் மலைமேல் சாய்ந்தபோது பாறை உடைப்பின் வாயில் நின்றது. முழங்கால் சேற்றில் நின்று முத்திருளன் வடத்தை இழுத்துக்கொண்டிருந்தான். ஊரே சேர்ந்து குரல் கொடுக்க, பாறை உள்ளே இறங்கி அமர்ந்தது. தரை அதிர்ந்தது. சூரியன் விழுந்தது.

அரசன் குதிரையில் வந்தான். "மூன்று ஊருக்கும் அதே யானைகள்தான், அதே பகல்தான். உங்களுக்கு மட்டும் எப்படிப் போதுமாயிற்று?"

சிலம்பாயி நிமிர்ந்து நின்றாள். "எங்களுக்கு வேண்டியது எது என்று எங்களுக்குத் தெரியும், அரசே."

அரசன் குதிரையைவிட்டு இறங்கி, அந்தக் கரைமேல் கால்நடையாக நடந்தான்.

மழை வந்தது. ஏரி கரை முட்ட நின்றது. பிழைக்கப் போனவர்கள் வண்டி கட்டித் திரும்பினார்கள். வழியில் யாராவது எந்த ஊர் என்று கேட்டால், "ஆவாரங்குளம்" என்று தலை நிமிர்ந்து சொன்னார்கள்.

தனக்கு மெய்யாக வேண்டியது எது என்று அறிந்தவருக்கு ஒரு பகலே போதும், அறியாதவருக்கு ஆயுள் முழுவதும் போதாது என்பதே இக்கதை சொல்லும் நீதி.