அதுக்கென்ன, செஞ்சிருவோம்

"காதுல இது இருந்தாலும் நீங்க பேசுறது ஒண்ணு விடாம எனக்குக் கேக்கும்" என்று கடையில் வேலை பார்க்கும் பெண்களை இயர்பட்ஸைக் காட்டி மிரட்டுவார் ஜவுளிக்கடை முதலாளி தணிகாசலம் அண்ணாச்சி. போனில் யார் எது கேட்டாலும், "அதுக்கென்ன, செஞ்சிருவோம்" என்பார். அந்தப் பெண்கள் உட்காரக் கேட்டால் மட்டும் முறைப்பார்.

ஒருநாள் அவர் போனில் சிரித்துக்கொண்டிருந்தபோது அவர்களில் ஒருத்தியான இசக்கியம்மாள் அருகில் போய், "அண்ணாச்சி, நாங்க உக்கார ஸ்டூல் போட்டுக்கிடட்டுமா?" என்றாள்.

"அதுக்கென்ன, செஞ்சிருவோம்" என்றார் அவர், போனில்.

குடோனில் கிடந்த ஸ்டூல்களெல்லாம் கடைக்குள் வந்தன.

பேசி முடித்துத் திரும்பிய அண்ணாச்சி, "யாரைக் கேட்டு உக்காந்தீங்க?" என்றார்.

"உங்களைத்தான் அண்ணாச்சி. செஞ்சிருவோம்னீங்களே."

"ஏட்டி, அது போன்ல சொன்னது."

"அப்போ நான் கேட்டது உங்க காதுல விழலையா?"

பெண்கள் எல்லாரும் பதிலுக்குக் காதைத் தீட்டிக்கொண்டு அவரையே பார்த்தார்கள்.

"அதெல்லாம் விழுந்துச்சு" என்றார் அண்ணாச்சி. "உக்காருங்க."