முடிச்சு விழாத முனை

கூகைமலை மடத்தில் சேருகிறவர்களுக்கு முதல் நாள் நாற்பது முழக் கயிறு ஒன்றைக் கொடுப்பார்கள். ஒரு கதை கேட்டால் ஒரு முனையில் ஒரு முடிச்சு. அன்று பொழுது சாய்வதற்குள் மொட்டைப்பாறைக்கு எதிரே நின்று, தன் சொந்தக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். சொன்னால் மறுமுனையில் ஒரு முடிச்சு. பாறை அவரவர் குரலிலேயே எதிரொலிக்கும்.

சேந்தன் மடத்துக்கு வந்து ஒன்பது வருடம். வயது ஐம்பத்தொன்று. குரு அங்கயற்கண்ணியைவிட எட்டு வயது மூத்தவர். அவர் கயிற்றின் ஒரு முனையில் இருநூற்றுப் பன்னிரண்டு முடிச்சுகள் இருந்தன. மறுமுனையில் ஒன்றுகூட இல்லை. நிறையக் கேட்டபின் நன்றாகச் சொல்லலாம் என்று, பாறைப் பக்கமே அவர் போனதில்லை. மற்றச் சீடர்கள் அவரை வாயடைத்த நெற்குதிர் என்றார்கள். குதிர் நிறைந்தால்தானே அளந்து போட முடியும் என்று அவரும் சிரிப்பார்.

அவருடைய மகள் தேனம்மைக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. பெண் புகுந்த வீட்டுக்குப் புறப்படும்போது, தகப்பன் தானே கட்டிய கதை ஒன்றைச் சொல்லி அனுப்புவது அவர்கள் வழக்கம். சீர்கூட வேண்டாம், கதை மட்டும் போதும் என்று மகள் சொல்லியனுப்பியிருந்தாள். இன்னும் மூன்று நாள். சேந்தனிடம் ஒரு வரிகூட இல்லை.

குருவிடம் போனார்.

"இன்னும் ஒரே ஒரு கதை கேட்டுவிட்டுப் போகிறேன், அம்மா."

குரு அவரை மொட்டைப்பாறைக்கு அழைத்துப் போனார். உச்சிவெயில். காக்கைகூட இல்லை.

"மகளைக் கூப்பிடும்."

"தேனம்மை" என்றார் சேந்தன்.

பாறை திருப்பிச் சொன்னது. கரகரத்த கிழட்டுக் குரல். முதல் வருடம் கதை சொன்ன உப்பு வணிகருடையது. அவர் இறந்து ஆறு வருடமாகிறது.

மறுபடி கூப்பிட்டார். ஒரு மருத்துவச்சியின் குரல் வந்தது. மூன்றாம் முறை, மூக்கால் பேசும் ஓடக்காரர். சேந்தன் விரல் விட்டு எண்ணிக்கொண்டே கூப்பிட்டார். ஒவ்வொன்றும் அவருக்குக் கதை சொன்ன ஒருவருடைய குரல். ஒன்றும் அவருடையதில்லை.

ஒன்பதாம் முறை குருவின் குரல் தேனம்மையைக் கூப்பிட்டது.

திரும்பிப் பார்த்தார். குருவின் வாய் மூடியிருந்தது.

பத்தாம் முறை கூப்பிட அவருக்குத் துணிவு வரவில்லை.

"இத்தனை பேரிடம் கேட்டது தப்பா, அம்மா?"

குரு தன் கயிற்றை எடுத்து நீட்டினார். சேந்தன் இரண்டு முனையையும் எண்ணினார். கேட்ட முனையில் ஒரு முடிச்சு கூடுதலாக இருந்தது.

"காலையில் ஓர் இடையரிடம் கேட்டது. இன்னும் பொழுது சாயவில்லை" என்றார் குரு.

சேந்தன் பாறையைப் பார்த்தார்.

"என் குரல் மட்டும் ஏன் திரும்பி வரவில்லை?"

குரு சேந்தனுடைய கயிற்றின் முடிச்சில்லாத மறுமுனையை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார்.

"அதை நீர் எப்போது அனுப்பினீர்?"