வடிவு வெளியே தள்ளிய புல்

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னால், மந்திரவாதிகள் கூச்சமே இல்லாமல் பட்டப்பகலில் தெருவில் நடமாடிய நாளில், பவளமலை நாடு என்று ஒரு நாடு இருந்தது. அங்கே மருதப்பன், வடிவு என்று ஒரு புருசனும் பெண்டாட்டியும் குருவி வளர்த்துப் பிழைத்தார்கள். கட்டைவிரல் அளவே இருக்கும் சில்லைக் குருவிகள். ஒரு ஜோடிக்கு ஒரு மண்பானை என்று சுவரெங்கும் பானைகள் தொங்கும். பானையின் பக்கவாட்டில் ஓட்டை, உள்ளே புல் மெத்தை, மெத்தையில் முட்டை.

மருதப்பன் குருவிகளோடு கொஞ்சுவான், சீட்டியடித்துப் பாடுவான். பானை கழுவுவது மட்டும் வடிவின் வேலை. குஞ்சுகள் பறந்ததும் பழைய புல்லை அடுப்பில் போட்டு எரிப்பாள். வேப்பிலை போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீரில் பானையை மூன்று தடவை கழுவி, வெயிலில் காய வைத்து, புதுப் புல் வைப்பாள். குஞ்சு இருக்கும் பானைக்கும் மூன்று நாளைக்கு ஒருமுறை மெத்தை மாற்றுவாள்.

"என்ன புள்ள, குருவி வீட்டுக்கு வெள்ளையடிக்கலையா?" என்று மருதப்பன் கேலி செய்வான்.

"சிரிங்க சிரிங்க. ஒருநாள் நீங்க கழுவிப் பாத்தாத் தெரியும்."

அவன் ஒருநாளும் கழுவவில்லை. கதையை மேலே கேளுங்கள்.

வடிவு பிள்ளை உண்டாகியிருந்தாள். வயிற்றில் மூன்று பிள்ளைகள் என்று மருத்துவச்சி சொல்லிவிட்டாள். மருதப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. மூன்று தொட்டில் கட்டி, மூன்று கிலுகிலுப்பையும் செய்து வைத்தான்.

அப்போதுதான் ஏழுசடையன் என்ற மந்திரவாதி வாசலில் வந்து நின்றான். கையில் ஒரு கூண்டு. அதில் எச்சம் விரல்கடை உயரத்துக்குக் காய்ந்து கிடந்தது.

"எனக்கு ஒரு ஜோடிக் குருவி வேணும்."

வடிவு கூண்டைப் பார்த்தாள், மூக்கைப் பொத்தினாள். "இந்த நாத்தத்துல குருவி பிழைக்காது சாமி. கூண்டைக் கழுவிட்டு வாங்க, தர்றேன்."

மந்திரவாதிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "என் கூண்டு நாறுதுன்னா சொன்னே? இனி நீயே குருவியாகிக் கூட்டுக்குள்ள கிட! வயித்துல இருக்கிற மூணும் மூணு முட்டையா வரும். ஒண்ணு போனபிறகுதான் இன்னொண்ணு. மூணுல ஒண்ணாவது பறந்தா, அதுவும் நீயும் மறுபடி மனுசங்க. ஒண்ணும் பறக்கலைன்னா சாகுறவரைக்கும் நீ குருவிதான்!"

ஏழு சடையையும் ஒரு சிலுப்பு சிலுப்பினான். வடிவு நின்ற இடத்தில் ஒரு சின்னஞ்சிறு சில்லை நின்றது.

மருதப்பன் அழுதான், புரண்டான். மற்றக் குருவிகளையெல்லாம் திறந்து விட்டுவிட்டான். ஒரே ஒரு பானையை மட்டும் எலுமிச்சை மரத்தில் கட்டினான். வடிவு புல் புல்லாகக் கொண்டுவந்து மெத்தை போட்டு, முதல் முட்டையை இட்டாள்.

குஞ்சு பொரிந்தது. நாலு நாள் போனது. ஐந்தாம் நாள் காலையில் வடிவு மெத்தையிலிருந்து அழுக்குப் புல்லை அலகால் இழுத்து வெளியே தள்ளினாள். கீழே விழுந்ததைப் பார்த்த மருதப்பன் பதறினான்.

"அய்யோ, பிள்ளைக்குக் குளிருமே!"

ஒன்றுவிடாமல் பொறுக்கித் திரும்ப உள்ளே வைத்தான். மறுநாளும் வடிவு வெளியே தள்ளினாள். மருதப்பன் உள்ளே வைத்தான். வெளியே தள்ளினாள், உள்ளே வைத்தான். எனக்கு இந்த இடத்தில் அவன்மேல் வருகிற கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் அவன் அன்பாகத்தான் வைத்தான்.

பத்தாம் நாள் குஞ்சு செத்துக் கிடந்தது.

மந்திரவாதி தோட்டத்து வேலிக்கு அப்பால் நின்று சிரித்தான். "நான் தொடவே இல்லையே!"

"அப்படின்னா பாம்புதான்," என்று மருதப்பன் மரத்தைச் சுற்றி முள்வேலி போட்டான். குஞ்சை மரத்தடியில் புதைத்தான். அது படுத்த மெத்தையையும், அதில் ஒட்டியிருந்த பிஞ்சு இறகுகளையும் எடுக்க அவனுக்கு மனம் வரவில்லை. 'மூத்தவன் படுத்த மெத்தையில் அடுத்தவன் படுக்கட்டும்' என்று அப்படியே விட்டுவிட்டான்.

இரண்டாவது முட்டை வந்தது, பொரிந்தது. வடிவு வெளியே தள்ளினாள். மருதப்பன் உள்ளே வைத்தான். இந்தத் தடவை அவள் அவன் விரலையும் கொத்தினாள். அவன் விரலைத் தடவிக்கொண்டே, "என்மேல கோபமா புள்ள?" என்று கேட்டான். அவள் என்ன பதில் சொல்வாள்? சொல்ல வாய் இருந்தால்தானே!

எட்டாம் நாள் அந்தக் குஞ்சும் செத்தது.

"நான் தொடவே இல்லையே!" என்றான் மந்திரவாதி.

"அப்படின்னா பூனைதான்," என்று மருதப்பன் முள்வேலிக்கு மேல் கம்பிவலை கட்டினான். வடிவுக்குத் தீனியும் தண்ணீரும் உள்ளேயே வைத்தான். காற்றுகூட நுழையாத காவல். பானை மட்டும் அதே பானை, மெத்தையும் அதே மெத்தை.

மூன்றாவது முட்டை வந்தது. அதுதான் கடைசி. அது பொரிந்து ஐந்தாம் நாள், வடிவு மெத்தையை இழுத்து இழுத்து வெளியே தள்ளினாள். முன்னைப்போல் வேகம் இல்லை. அவளே இளைத்துத் துரும்பாகியிருந்தாள். மருதப்பன் வழக்கம்போல் புல்லைப் பொறுக்கிக்கொண்டு பானையில் கையை விட்டான்.

கை அரித்தது. வெளியே எடுத்துப் பார்த்தான். முழங்கை வரைக்கும் கடுகில் கால்வாசி அளவில் சிவப்புச் சிவப்பாக ஏதோ ஊர்ந்தது. செள்ளு! குருவி ரத்தம் குடிக்கும் பூச்சி. குஞ்சை மெல்ல எடுத்துப் புரட்டினான். இறக்கைக்கு அடியிலெல்லாம் செள்ளு அப்பியிருந்தது. பாம்பு வரவில்லை, பூனையும் வரவில்லை. கொன்றது மெத்தைக்குள்ளேயே இருந்தது. தள்ளத் தள்ள அதைத் திரும்ப வைத்தவன் அவன்தான்.

மருதப்பன் வாய்விட்டு அலறினான். "நான்தானே கொன்னேன்! ரெண்டு பேரையும் நான்தானே கொன்னேன்!"

அழுதுகொண்டு உட்கார நேரமில்லை. குஞ்சை மெல்லிய துணியில் வைத்து, ஒவ்வொரு செள்ளாகத் துடைத்தெடுத்தான். மரத்தடியிலேயே அடுப்பை மூட்டி, வேப்பிலை போட்டுத் தண்ணீர் கொதிக்கவைத்தான். மெத்தை மொத்தத்தையும் தீயில் போட்டான். கடைசியாக ஒரே ஒரு பிஞ்சு இறகு கையில் மிஞ்சியது. மூத்தவனுடையது.

"இது ஒண்ணை மட்டும் வச்சுக்கட்டுமா வடிவு? அவன் இருந்தான்கிறதுக்கு வேற என்ன இருக்கு?"

வடிவு பறந்து வந்து அவன் மணிக்கட்டில் உட்கார்ந்தாள். அந்த இறகைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு அவன் விரலிலிருந்து அலகால் உருவி, தானே தீயில் போட்டாள்.

அவன் பானையை மூன்று தடவை கழுவினான். வெயிலில் காய வைத்தான். புதுப் புல் வைத்தான். கையைக் கழுவிக்கொண்டு குஞ்சை உள்ளே விட்டான். வடிவு உள்ளே போனாள், ஒரு புல்லைக்கூட வெளியே தள்ளவில்லை. மூன்று நாளைக்கு ஒருமுறை பானை மாறியது, மெத்தையும் மாறியது. குஞ்சு பிழைத்தது, கத்தியது, கொழுத்தது.

இருபத்தோராம் நாள் மந்திரவாதி வந்து வேலிக்கு அப்பால் நின்றான். குஞ்சு பானை ஓட்டையில் தலையை நீட்டியது. வலையைப் பிரித்தெறிந்தான் மருதப்பன். குஞ்சு ஒரு தரம் தயங்கியது, இறக்கையை விரித்தது, எலுமிச்சைக் கிளைக்குப் பறந்தது!

அந்த நொடியே மந்திரம் முறிந்தது. தீயில் வெந்த செள்ளெல்லாம் ஏழுசடையனின் ஏழு சடைக்குள்ளும் உயிரோடு எழுந்தன. அவன் தலையைப் பிறாண்டிக்கொண்டே ஓடினான். இன்னமும் பிறாண்டிக்கொண்டுதான் இருக்கிறானாம், இருக்கட்டும்.

மரத்தடியில் வடிவு மனுஷியாக நின்றாள். இடுப்பில் ஒரு பெண்குழந்தை. மருதப்பன் ஓடிவந்து அவள் காலடியில் உட்கார்ந்துவிட்டான்.

"தினம் வெளியே தள்ளுனேன்," என்றாள் வடிவு. மூன்று முட்டைக்காலம் பேசாமல் கிடந்த குரல் கரகரத்தது. "தினம் எடுத்து வச்சீங்களே."

அவளும் அழுதாள், அவனும் அழுதான். குழந்தை மட்டும் எலுமிச்சை இலையைப் பிடித்து இழுத்துச் சிரித்தது. பிறகு வடிவு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மரத்திலிருந்து பானையை அவிழ்த்து அவன் கையில் கொடுத்தாள்.

"குஞ்சு பறந்திருச்சு. கழுவிட்டு வாங்க."

அன்றிலிருந்து பானை கழுவுவது மருதப்பனின் வேலை. ராஜா கேள்விப்பட்டு, அரண்மனைக் குருவிகளையெல்லாம் அவர்களிடமே ஒப்படைத்தார். மகள் வளர்ந்தாள், மூன்றாவது தொட்டில் சின்னதாகிப் போனது. எலுமிச்சை மரத்தில் மட்டும் மருதப்பன் கட்டிய இரண்டு பானைகள் தனியாகத் தொங்கின. அவற்றில் எந்தக் குருவியும் இல்லை. ஆனாலும் வெள்ளிக்கிழமைதோறும் மருதப்பன் அவற்றையும் இறக்கி, வெந்நீரில் மூன்று தடவை கழுவி, வெயிலில் காயவைத்துத் திரும்பக் கட்டினான்.

"காலிப் பானையை எதுக்குப்பா கழுவுறீங்க?" என்று மகள் ஒருநாள் கேட்டாள்.

"உன் அண்ணனுங்க பானை, தாயி," என்றான் மருதப்பன்.

மகள் கையை நீட்டினாள். ஒரு பானையை வாங்கி, தானே வெயிலில் வைத்தாள்.