எச்சமும் இரண்டு ஈயும்

கேமரன் மலையில், தேயிலைத் தோட்டத்துக்கு மேலே தாண்டவ சாமியின் மடம். பௌர்ணமிக்குப் பௌர்ணமி அங்கே அன்னதானம். சீடர்கள்தான் பரிமாற வேண்டும். வாளியைத் தூக்கியவரே கடைசி இலைவரை கொண்டுபோக வேண்டும், நடுவில் கை மாறக் கூடாது. அது மடத்து வழக்கம்.

அன்று சாம்பார் வாளி அர்ச்சுனன் கையில். ஐம்பதைத் தாண்டியவர். அடிதடி வழக்கில் ஜெயிலுக்குப் போய்வந்து மடத்தில் சேர்ந்தவர். அது தோட்டம் முழுக்கத் தெரியும். அவர் குனிந்ததும் முதல் வரிசையில் ரெண்டு மூணு பேர் இலையைக் கையால் மூடிக்கொண்டார்கள்.

அர்ச்சுனன் வாளியை அப்படியே தரையில் வைத்தார். உள்ளே போய்த் துணிமணியைப் பையில் திணித்துக்கொண்டு கிளம்பிவிட்டார். பாவம், முகம் செத்துப்போயிருந்தது.

வாசலில் சாமி நின்றிருந்தார்.

"எங்கே கிளம்பிட்டே?"

"போறேன் சாமி. எத்தனை வருஷம் ஆனாலும் நான் ஜெயிலுக்குப் போனவன்தான்."

"சரி, போ. போறதுக்கு முன்னாடி அதைத் துடைச்சிட்டுப் போ."

சுவரில் பறவை எச்சம். அதில் இரண்டு ஈ வேறு. இந்த நேரத்தில் இந்த வேலையா என்று அர்ச்சுனனுக்கு எரிச்சல். சாமி பேச்சைத் தட்ட முடியுமா? துண்டை உருவிக்கொண்டு போனார்.

துண்டு கிட்டே போனதுதான் தாமதம், எச்சம் விருட்டென்று பறந்தது. ஈக்களும் அதோடு சேர்ந்தே போயின.

"அடச்சே, பூச்சி!"

கொஞ்சம் தள்ளி மறுபடி சுவரில் உட்கார்ந்தது. கிட்டப் போய்ப் பார்த்தார். அந்துப்பூச்சி. இறக்கை நுனி கொக்கி போல வளைந்திருந்தது. எச்சமும் ஈயும் இறக்கையில் இருந்த வெறும் கோடும் புள்ளியும்தான்.

"நல்லா ஏமாந்தேன் சாமி."

"குருவியும் தினம் ஏமாறுது. எச்சம்னு நினைச்சு ஒதுங்கிப் போயிடுது."

"யார் பார்த்தாலும் அப்படித்தான் நினைப்பாங்க."

"பூச்சி தன்னை எச்சம்னு நினைக்கலையே. நினைச்சிருந்தா இந்நேரம் உன் துண்டுல நசுங்கியிருக்கும்."

அர்ச்சுனன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"எத்தனை பேர் இலையை மூடினாங்க?"

"ரெண்டு மூணு பேர்."

"மத்தவங்க?"

"அவங்ககிட்ட நான் போகவே இல்லை."

சாமி பந்திப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"இன்னும் வெறும் சோத்தை வச்சுக்கிட்டுத்தான் உட்கார்ந்திருக்காங்க," என்றார்.