தங்க ரேக் பறந்த காலை

குரு சுலோசனா தங்க ரேக் ஒட்டும்போது யாரும் கதவைத் தள்ளமாட்டார்கள். மின்விசிறி சுழலாது, ஜன்னல் திறக்காது. காகிதத்தைவிட மெல்லிய அந்தத் தகட்டை ஏந்தி நிற்பவர், அது பசையில் படியும்வரை மூச்சுகூட விடக்கூடாது. அதனால் ஏகாம்பரம் துணி சுற்றிய பலகையோடு வாசலிலேயே நின்றார்.

ஏகாம்பரம் புதுச்சேரிக்காரர். தலை நரைத்த பிறகு சீடரானவர். குரு அவருக்கு இளையவர். அதுவரை ஏகாம்பரம் கடற்கரையில் நின்று பிரெஞ்சு இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர்களின் வழியில் வரைந்து வந்தார். அந்த வழியில் ஒரு வேளையின் வெளிச்சம்தான் எல்லாம். அது மாறுவதற்குள் தூரிகை ஓடியாக வேண்டும். மகள் வேதா காய்ச்சலில் இறந்த பிறகுதான் தஞ்சாவூர் ஓவியம் கற்க வந்தார்.

கதவு திறந்தது.

"என்ன சார், மறுபடியும் கெடுத்துக் கொண்டுவந்தீங்களா?"

"கெட்டே போச்சும்மா."

துணியை விலக்கினார். கடலோரத்தில் ஒரு சிறுமி. காலை வெளிச்சம் நீலமும் ரோஜாவுமாய் அவள் பாவாடையில் சிதறியிருந்தது. அவளைச் சுற்றித் தஞ்சாவூர் மண்டபம்: புடைத்த தூண்கள், கல் பதித்த வளைவு. வளைவில் பாதிதான் தங்கம். மீதி நொறுங்கிப்போய், ஈரம் காயாத வண்ணத்தில், கடலிலும் குழந்தையின் முகத்திலும் ஒட்டியிருந்தது.

"பிரெஞ்சுக்காரனையும் தஞ்சாவூர்க்காரனையும் ஒரே பந்தியில உட்கார வச்சீங்க. இப்ப ஒருத்தன் சோறு இன்னொருத்தன் மூஞ்சியில."

ஏகாம்பரம் சிரிக்கவில்லை.

"வர்ற வெள்ளிக்கிழமை வேதா போய் ஒரு வருஷம். அன்னிக்குத் தையல் அவ அண்ணன் வீட்டுக்குப் போறா. திரும்பி வருவேன்னு சொல்லலை."

தையல்நாயகி அவர் மனைவி.

"படம் முடிஞ்சா இருப்பாங்களா?"

"அவளுக்குக் குழந்தை சாமியா வேணும். தங்கம், மண்டபம், நிழலே விழாத முகம். எனக்கு அந்தக் காலை வேணும். உப்புக் காத்து, கலைஞ்ச தலை, மணல்ல அவ நிழல். ஒரு வருஷமா இதுதான் சண்டை. சண்டைன்னா பேச்சாவது இருக்கும், அதுவும் இல்லை. ரெண்டையும் ஒரே பலகையில சேர்த்துட்டா ஒருவேளை... எப்படிம்மா சேர்க்கிறது?"

குரு ஒரு தங்கத் துணுக்கை நகத்தால் நெம்பிப் பார்த்தார். வரவில்லை.

"எப்படிப் பறந்தது?"

"ஜன்னலைத் திறந்தேன்."

"ரேக் வைக்கும்போதா?"

"கடல்லேருந்து அதே வெளிச்சம் வந்துச்சும்மா. படத்துல வேதா கன்னத்துல ஒரு நிறம் பாக்கி இருந்துச்சு. விட்டா போயிடும்..."

"ரேக்கை யார் ஏந்தியிருந்தது?"

ஏகாம்பரம் தரையைப் பார்த்தார்.

"தையல்."

"நீங்க வரையிற அறைக்கெல்லாம் வருவாங்களா?"

"வேதா போனப்புறம் வாசப்படி மிதிச்சதில்லை. அன்னிக்கு ஈரத்தலையோட வந்து, நான் ஏந்துறேன்னா. மூச்சை அடக்கிக்கிட்டு நிக்கணும்னு சொன்னேன். நின்னா."

"அப்புறம்?"

"பறந்ததும் என்னைப் பார்த்தா. கையை முந்தானையில துடைச்சுக்கிட்டுப் போயிட்டா. இப்ப பெட்டி கூடத்துல இருக்கு."

அவர் பலகையைக் குரு பக்கம் நகர்த்தினார். "சுரண்டிட்டு முதல்லேருந்து போடவா? தங்கத்தை முதல்ல ஒட்டிட்டு வெளிச்சத்தை அப்புறம் பூசினா சேருமா? எதை முதல்ல செய்யணும்? அதையாவது சொல்லுங்கம்மா."

குரு பலகையை மறுபடி துணியால் மூடினார். மேசையிலிருந்து ஒரு தங்க ரேக்கைத் தாளோடு எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"பிடிங்க."

ஏகாம்பரம் பிடித்தார். கற்ற பழக்கத்தில் மூச்சு தானாக நின்றது. குரு எதிரே உட்கார்ந்துகொண்டார். வாங்கிக்கொள்ளக் கை நீட்டவில்லை. விடச் சொல்லவும் இல்லை. ஏகாம்பரத்தின் நெஞ்சு முட்டியது. காது அடைத்தது. கண்ணில் நீர் கட்டியது. கடைசியில் மூச்சு வெடித்துக்கொண்டு வந்தது. தங்கம் பறந்து எங்கோ விழுந்தது.

குரு அதைத் தேடவில்லை.

"அன்னிக்கு நீங்க ஜன்னலைத் திறக்குறதுக்கு முன்னாடி, அவங்க எவ்வளவு நேரமா இப்படி நின்னுக்கிட்டிருந்தாங்க?"

ஏகாம்பரத்துக்குத் தெரியவில்லை. அன்று அவர் வெளிச்சத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.